மனைக்கும் மாதிரி ஒப்புதல்: திருப்பூர் வட்டாரத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் வட்டாரங்களில் மனை, வீடு, தோட்டம், தொழிற்கூடம் ஆகியவற்றின் விற்பனைக்கும் வாடகைக்கும் இடைநின்று உதவும் தரகர்களின் பார்வைக்கு,

பெருமாநல்லூர் சாலையிலும் பல்லடம் சாலையிலும் மனை விற்பனையைப் பேசாத சுவரைக் காண்பதே அரிதாகிவிட்ட நிலையில், அந்த விளம்பரங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே சொற்களைப் பேசுகின்றன என்பது கவனத்திற்குரியது. பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிடம், அருகிலேயே பள்ளியும் மருத்துவமனையும், சுவையான நிலத்தடி நீர், உடனடிப் பதிவு, முன்பதிவு செய்வோருக்குத் தங்க நாணயம் என்னும் ஐந்தாறு தொடர்களுக்குள் அவிநாசி மனையும் அடங்கிவிடுகிறது, ஊத்துக்குளி மனையும் அடங்கிவிடுகிறது. சந்தைப்படுத்தல் என்பது ஒரு பொருளை அதற்கு உரியவரிடம் கொண்டு சேர்க்கும் எல்லா முயற்சிகளையும் குறிக்கும் சொல். விளம்பரம் அதன் ஒரு பகுதி மட்டுமே. வாங்குபவர் யார், அவருடைய அச்சம் எது, அந்த அச்சத்தை எந்த ஆவணம் போக்கும் என்பவற்றை அறிந்து செயல்படுவது அதன் பெரும்பகுதி. திருப்பூர் வட்டாரத்தில் பஞ்சம் விளம்பரத்துக்கு இல்லை, சான்றுக்குத்தான் என்பதும், சான்றைத் தன் முதன்மைச் சரக்காகக் கொள்ளும் தரகரே இனி நிலைப்பார் என்பதும் இம்மடலின் நிலைப்பாடு.

இதை வேறு யாருக்கு விளக்க வேண்டியிருந்தாலும் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ அமர்ந்து இவ்வூரின் பின்னலாடையை வாங்கும் பையர், துணி இங்கே எந்தக் கூடத்தில் வெட்டப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் நேரில் காண்பதில்லை. ஆயினும் அவர் ஆர்டர் தருகிறார். காரணம், முதலில் மாதிரி அனுப்பப்பட்டு ஒப்புதல் பெறப்படுகிறது, சாயத்தின் நிறம் ஒப்புக்கொண்ட நிறத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்க்கப்படுகிறது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சோதிக்கப்படுகிறது, அனுப்பும் முன் பெட்டியைப் பிரித்துச் சரக்கு ஆய்வு செய்யப்படுகிறது. இவ்வளவு சோதனைக்கும் பிறகு ஒரு டீ-சர்ட்டை விற்கும் ஊர், வாழ்நாள் சேமிப்பை விழுங்கும் 3 சென்ட் மனையை ஒரு வண்ணத் துண்டறிக்கையையும் ஒரு வேளைப் பிரியாணியையும் மட்டும் நம்பி விற்பது விந்தையான முரண்.

இந்த முரணின் விளைவைப் பொருளியல் அறிஞர்கள் முன்பே ஆராய்ந்துள்ளனர். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்திருந்தும் வாங்குபவருக்குத் தெரியாதிருக்கும்போது என்ன நேரும் என்பதை விளக்கினார். இந்நிலை தகவல் சமமின்மை எனப்படும். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய இயலாத வாங்குபவர், எதற்கும் நல்ல விலை தரத் துணியாமல் நடுத்தரமான விலையையே கேட்பார், அந்த விலைக்குத் தர மனமில்லாத நல்ல காரின் உரிமையாளர் சந்தையை விட்டு விலகுவார், எஞ்சுபவை கெட்டவையாகவே இருக்கும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளின் தொடக்கம் இதுவே. வில்லங்கமில்லாத மனையும் வில்லங்கமுள்ள மனையும் ஒரே மாதிரியான விளம்பரத்தில் ஒரே மாதிரியான சொற்களோடு வரும்போது, நேர்மையான தரகரின் மனைக்குத்தான் இழப்பு என்பதே இதிலிருந்து பெறப்படும் செய்தி. சான்று காட்டுவதை அறச்செயலாக மட்டும் கருதுவோர், அது போட்டியில் முந்துவதற்கான கருவியும் ஆகும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

கொங்குப் பகுதி வாங்குபவரின் ஐயத்துக்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் வட்டி தருவதாகப் பணம் திரட்டிய பாசி நிறுவன வழக்கில் கோவை நீதிமன்றம் 2022-இல் தண்டனை வழங்கியது. பெருந்துறையை மையமாகக் கொண்டு எழுந்த ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்கள் 2012-இல் சரிந்தன. கவர்ச்சியான பேச்சுக்குப் பணத்தைப் பறிகொடுத்தவர் ஒருவரேனும் உறவிலோ தெருவிலோ இருக்கும் வட்டாரத்தில், பேச்சு இன்னும் கவர்ச்சியாவதால் விற்பனை பெருகும் என்று எதிர்பார்ப்பது பொருத்தமற்றது.

சட்டத்தின் போக்கும் இதே திசையில்தான் செல்கிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று ஆணையிட்டபோது தமிழகம் முழுவதும் மனை வணிகம் ஏறத்தாழ உறைந்துபோனது. மனைப்பிரிவு என்பது ஒரு நிலத்தைச் சாலை, பொது இடம் ஆகியவற்றுடன் வீட்டு மனைகளாகப் பிரிப்பதாகும். இதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் காட்டி விற்கப்பட்டவை அந்த ஒப்புதலைப் பெறாதவை. பின்னர் 2017 மே மாதம் வெளியான வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20 வரை உருவான பிரிவுகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி செய்தன. வரன்முறைப்படுத்தப்பட்ட மனை எது, படாத மனை எது என்பது இன்றும் இவ்வட்டாரத்தில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்க, பெரும்பாலான விளம்பரங்கள் அதற்கு விடையளிக்காமல் தங்க நாணயத்தைப் பற்றிப் பேசுகின்றன.

2016-இன் நிலமனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், பேச்சுவழக்கில் ரெரா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8-க்கு மேற்பட்ட அடுக்கு வீடுகளிலோ உருவாகும் திட்டங்களை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது என்கிறது. பதிவு பெற்ற திட்டத்தின் விளம்பரத்திலும் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இடம்பெற வேண்டும். இத்தகைய திட்டங்களில் விற்பனைக்குத் துணைபோகும் தரகரும் தனியே பதிவு பெற வேண்டும், கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்க வேண்டும், முன்பதிவின்போதே வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் அனைத்தும் கிடைக்கச் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் என, சொத்தின் விலையில் 5 விழுக்காடு வரை தண்டத்தொகை ஏறும். விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுவதற்கும் தடை உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தில் 2023 ஆகஸ்ட் முதல் திட்ட விளம்பரங்களில் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், அங்கே வாங்குபவர் கைபேசியைக் காட்டிய உடனே திட்டத்தின் முழு விவரத்தையும் ஆணையத்தின் பக்கத்திலேயே படிக்கிறார். இங்கேயும் இதைச் செய்யும் தரகருக்கு ஆகும் கூடுதல் செலவு எதுவுமில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். திருப்பூர் மனைச் சந்தையில் தண்ணீரைப் போல விலையைத் தீர்மானிப்பதும் விளம்பரத்தில் தண்ணீரைப் போலப் பொய்யாகப் பேசப்படுவதும் வேறொன்றில்லை. சாய, சலவை ஆலைகளின் கழிவு பல பத்தாண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்ததன் விளைவாக, அதன் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயநீர்த் தேக்கமாக மாறியது. பாதிக்கப்பட்ட உழவர்கள் தொடுத்த வழக்குகளின் தொடர்ச்சியாக 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. சுத்திகரிப்பு முறை அதன் பின்னர் வெகுவாக முன்னேறியது உண்மை, அதில் திருப்பூர் பெருமை கொள்வதும் நியாயமே. ஆனால் மண்ணுக்கும் கிணற்றுக்கும் சென்ற உப்பு நீதிமன்ற ஆணையால் உடனே நீங்கிவிடுவதில்லை. ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு மனைக்கும் மேட்டுப்பாங்கான வேறொரு மனைக்கும் இடையில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற வேறுபாடு தெருவுக்குத் தெரு மாறுவதை இங்குள்ளோர் அறிவர்.

இந்த வேறுபாட்டை அளந்து சொல்ல எளிய வழி உண்டு. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் குறிக்கும் எண், டிடிஎஸ் என்று வழங்கப்படுவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளத்தக்கது. மனையிலுள்ள ஆழ்துளைக் கிணற்றின் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ வேறு தகுதிபெற்ற ஆய்வகத்திலோ சோதித்து, அறிக்கையை நாளும் கிணற்றின் ஆழமும் தெரியும்படி வாங்குபவரிடம் தருவதற்கு ஆகும் செலவு, சாலையோரத்து ஃபிளெக்ஸ் ஒன்றுக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும். அறிக்கையில் எண் மோசமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். அப்போது ஊராட்சியின் ஆற்று நீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, இணைப்பு வாங்க எவ்வளவு ஆகும், தொட்டி எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்பவற்றைச் சொல்லிவிடுவதே வழி. உப்புத் தண்ணீர் மனையும் உரிய விலைக்கு விற்கும். நல்ல தண்ணீர் என்று சொல்லி விற்ற உப்புத் தண்ணீர் மனைதான், அடுத்த பத்து வாடிக்கையாளர்களைத் தரகரிடமிருந்து பிரித்துவிடும்.

அத்திக்கடவு அவிநாசித் திட்டமும் இங்கே குறிப்பிடத்தக்கது. கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளைப் பவானி ஆற்று உபரி நீரால் நிரப்பும் இத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அவிநாசிப் பகுதி மனை விளம்பரங்களில் இத்திட்டத்தின் பெயர் கவர்ச்சியான அடைமொழியாக நுழைவது இயல்பே. ஆனால் அது குளங்களை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்தும் திட்டமே தவிர வீட்டுக் குழாயில் நீர் தரும் திட்டமன்று. அருகிலுள்ள எந்தக் குளம் திட்டத்தில் சேர்ந்துள்ளது, அது மனையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று குளத்தின் பெயரோடு சொல்லும் விளம்பரம்தான் வாங்குபவருக்குப் பயன்படும்.

வாங்குபவர் யார் என்பதில் இவ்வட்டாரத் தரகர்கள் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை என்றே தோன்றுகிறது. ஏற்றுமதியாளரையும் அயல்நாட்டில் பணிபுரிவோரையும் நோக்கியே பெரும்பாலான வண்ண விளம்பரங்கள் வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் 3 சென்ட், 4 சென்ட் மனைகளுக்குத் தொடர்ந்து தேவையை உண்டாக்குவோரில் பெரும்பகுதியினர், மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை போன்ற தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் செக்கிங் பெண்களாகவும் பணியாற்றி, லைன் வீடுகளிலேயே பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள். லைன் வீடு என்பது ஒரே வரிசையில் ஓரறை வீடுகளாகக் கட்டி, குளியலறையையும் கழிப்பறையையும் பொதுவாக விட்டு வாடகைக்குத் தரப்படுவது. அதிலிருந்து வெளியேறுவதே அக்குடும்பங்களின் நெடுங்கனவு.

இவர்களின் வருமானம் சனிக்கிழமைச் சம்பளமாகவும் பீஸ் ரேட்டாகவும் வருவதால், சம்பளச் சீட்டைக் கேட்கும் வங்கியில் கடன் பெறுவது கடினம். சீட்டு, நகைக்கடன், தீபாவளி போனஸ் ஆகியவற்றைக் கூட்டித்தான் முன்பணம் சேர்கிறது. தவணை முறை மனைத் திட்டங்கள் இந்தத் தேவையைப் பயன்படுத்தி வளர்ந்தவை. மாதம் தோறும் பணம் கட்டி முடித்த பின்னரே பத்திரம் என்ற ஏற்பாட்டில், இடையில் நிலத்தை அடமானம் வைத்துவிட்டால் கட்டியவருக்குக் கையில் எஞ்சுவது ரசீது அட்டை மட்டுமே. இத்தகைய குடும்பங்களை வாடிக்கையாளராகப் பெற விரும்பும் தரகர், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது எப்படி, எந்த வீட்டுவசதிக் கடன் நிறுவனம் முறைசாரா வருமானத்தையும் கணக்கில் கொள்கிறது, என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று ஓராண்டுக்கு முன்பே வழிகாட்டத் தொடங்கினால், அந்த உதவியே மிகச் சிறந்த சந்தைப்படுத்தலாக அமையும்.

பதிவுச் செலவை முன்கூட்டியே எழுத்தில் தருவதும் இதில் அடங்கும். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்பதால், 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் தனியே வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. பின்னலாடைத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பெண்களாக இருக்கும் ஊரில் இச்சலுகை சுவர் விளம்பரங்களில் இடம்பெறாதது வியப்பளிக்கிறது. வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் குறைந்த அளவு மதிப்பு, சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும் இடங்களில் மீதியை ரொக்கமாகக் கேட்கும் வழக்கம் இவர்களையே அதிகம் தாக்குகிறது. பத்திர மதிப்பை ஒட்டியே கடன் கிடைப்பதால் ரொக்கப் பகுதியை வட்டிக்கு வாங்க நேர்கிறது. 2015 ஜூன் முதல் அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்து, பெற்ற தொகைக்குச் சமமான தண்டத்தையும் விதித்திருப்பதை விற்பவரிடம் எடுத்துச் சொல்வதும் தரகரின் பணியே.

விற்பவர் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கொங்குப் பகுதியில் தோட்டமும் காடும் பெரும்பாலும் பல தலைமுறைகளாகப் பங்கு பிரிந்து வந்தவை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இனிப் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற எண்ணம் குடும்பங்களில் நீடித்தாலும் சட்டம் அதை ஏற்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் அதை மணமானவர்களுக்கும் விரித்தது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று விநீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே அக்கா தங்கைகளின் கையெழுத்தைப் பெற்ற பின்னரே ஒரு பூமியை விற்பனைக்கு எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் தரகர், தொடக்கத்தில் சில வாய்ப்புகளை இழக்கலாம். ஆனால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டது என்ற ஒரே வரி, வங்கியின் வழக்கறிஞரிடம் வேறெந்த அடைமொழியையும்விட விரைவாக வேலை செய்யும்.

வாங்குபவருக்குத் தரவேண்டிய கோப்பு பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் முதன்முதலில் இந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டும் மூலப்பத்திரம், அதன் பின் நடந்த பரிமாற்றங்களையும் அடமானங்களையும் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, இன்றைய வருவாய்த்துறை உரிமையைக் காட்டும் பட்டா, எல்லைகளை அளவோடு காட்டும் புலப்படம், மனைப்பிரிவின் அங்கீகார ஆணை ஆகியவை அதன் உள்ளடக்கம். வில்லங்கத்தையும் பட்டாவையும் இன்று எவரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் இவற்றை மறைத்து வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. கோயில் நிலமும், 1892-ஐ ஒட்டி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஆங்கிலேய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமும் எத்தனை கை மாறினாலும் குறை நீங்காதவை. இவை இல்லை என்பதைத் தரகர் வருவாய் ஆவணங்களைக் கொண்டு முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தொழிற்கூடங்களை வாடகைக்கு விடுவது வீட்டு மனையைவிட நுட்பமான துறை. ஷெட் தேடி வரும் நிட்டிங் அல்லது தையல் கூடத்தார் கேட்பது கட்டடத்தின் அழகை அன்று. மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு கிலோவாட், கூரை எவ்வளவு உயரம், மாடித் தளம் இயந்திர எடையைத் தாங்குமா, கண்டெய்னர் லாரி திரும்ப இடமுண்டா, கட்டட அனுமதி குடியிருப்புக்கா தொழிலுக்கா என்பவையே கேள்விகள். சாயத்தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகையில் வருவதால், அதற்கெனத் தரப்படும் இடத்தைப் பற்றி எதையும் வாய்மொழியாக உறுதியளிப்பது ஆபத்து. தொழிலாளர் விடுதிக்காகக் கட்டடம் பேசும்போது, பெண்கள் தங்குவதாயின் 2014-இன் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதையும் கட்டட உரிமையாளரிடம் சொல்லிவிடுவது நலம். வடமாநிலத் தொழிலாளருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வாடகை விவரங்களைத் தருவோர் இன்னும் சிலரே. அந்த இடம் ஏறத்தாழக் காலியாகவே கிடக்கிறது.

ஊடகத் தேர்வில் வாட்ஸ்அப் குழுவும் யூடியூப் காணொளியும் இப்போது துண்டறிக்கையின் இடத்தைப் பிடித்துவிட்டன. இவற்றின் பெருங்குறை, ஒரே மனையைப் பத்துத் தரகர்கள் பத்து விலையில் பகிர்வது. விற்பவருக்கு அவசரம் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்ளவும், ஏமாற்று ஏதோ இருக்கிறது என்று ஐயுறவும் இதுவே காரணமாகிறது. அமெரிக்காவில் ஒரு சொத்தை ஒரு தரகர் மட்டும் விற்பனைக்கு எடுத்துக்கொண்டு, பொதுப் பதிவேட்டில் சேர்த்து மற்றவர்களுடன் தரகைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை ஒரு நூற்றாண்டாக வளர்ந்துள்ளது. திருப்பூர் வட்டாரத்திலும் விற்பவரிடம் எழுத்துமூலம் மூன்று மாத உரிமை பெற்று, விலையை ஒன்றாக வைத்துப் பகிர்வதைத் தரகர் சங்கங்கள் சோதித்துப் பார்க்கலாம். காணொளியைப் பொறுத்தவரை, பின்னணி இசையோடு ட்ரோனில் எடுத்த காட்சியைவிட, பிரதான சாலையிலிருந்து மனை வரை வண்டியில் செல்வதைத் துண்டிக்காமல் எடுத்த காட்சியே வாங்குபவருக்கு மிகுந்த தெளிவைத் தரும். ஐப்பசி மழையில் எடுத்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் என்று சொல்லும் தொலைவு காலை எட்டரை மணிக்கு, கம்பெனி வேன்கள் சாலையை நிறைக்கும் வேளையில், எவ்வளவு நேரம் என்பதை அக்காட்சியே காட்டிவிடும். தவறான, தூண்டில் போன்ற விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருப்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

காலமும் கணக்கில் வரவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் எழுத விரும்பாதோர் மிகுதி என்பதால் அம்மாதங்களை மனை காட்டவும் கோப்பைத் தயார் செய்யவும் பயன்படுத்தினால், ஆவணியிலும் தையிலும் பதிவு தடையின்றி நடக்கும். தீபாவளி போனஸுக்குப் பின் வரும் வாரங்களும் தொழிலாளர் குடும்பங்கள் முன்பணம் தரும் காலம். இவற்றுக்கு மேல் பையர் நாடுகளின் அரசியலும் இங்கே மனை விலையைத் தொடுகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆர்டர்கள் தடுமாறின, ஓவர்டைம் குறைந்தது, அதை நம்பித் தவணை கட்டுவோரின் கணக்கும் ஆட்டம் கண்டது. இத்தகைய மாதங்களில் விலை ஏறப்போகிறது, இப்போதே வாங்குங்கள் என்று நெருக்கும் பேச்சு, வேலை போகுமோ என்று அஞ்சுபவரிடம் எடுபடாது. தவணையை ஒத்திவைக்க விற்பவரிடம் பரிந்து பேசும் தரகரை அக்குடும்பம் எளிதில் மறக்காது.

இறுதியாகத் தரகு. இவ்வட்டாரத்தில் பொதுவாக விலையில் 1 அல்லது 2 விழுக்காடு என்று வழங்கும் இத்தொகை, யாரிடமிருந்து எவ்வளவு என்பது கிரய நாள் வரை மூடி மறைக்கப்படுவதாலேயே பதிவு அலுவலக வாசலில் பூசல்கள் எழுகின்றன. விற்பவர் கேட்கும் விலைக்கு மேல் வைத்து விற்று இடைவெளியை எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இங்கே உண்டு. அதைத் தரகு என்பதைவிட வாங்குபவருக்குத் தெரியாத இரண்டாவது விற்பனை என்பதே பொருந்தும். அமெரிக்கத் தரகர் சங்கம் 2024-இல் ஏற்றுக்கொண்ட வழக்குத் தீர்வின்படி, அங்கே ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவருக்கு வீடு காட்டும் முன்பே தரகு எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்தாக வேண்டும். இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆயினும் மனை காட்டப் புறப்படும் முன்பே தொகையையும் அதைத் தருவது எத்தரப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, கிரயம் முடிந்ததும் பதிவு எண்ணோடு ரசீது கொடுத்தால், 15 வேலம்பாளையத்தில் லைன் வீட்டிலிருக்கும் டெய்லர் ஒருவர், ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் உறவினருக்குத் தரகரின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல் அந்த ரசீதையும் எடுத்துக் காட்ட முடியும்.